மகனின் றக்பி ஒப்பந்தமும் மறைக்கப்பட்ட ஒரு தலையடியும்

கேள்வி: எங்கள் மகனுக்கு வரும் ஏப்ரலில் 18 வயது ஆகிறது. ஏ லெவலில் உயிரியல், இரசாயனம், கணிதம் படிக்கிறார். மருத்துவம் படிக்க ஒரு பல்கலைக்கழகம் நிபந்தனையுடன் இடம் தந்திருக்கிறது. இந்த நேரத்தில், சிறு வயதிலிருந்து அவர் பயிற்சி பெற்றுவரும், இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரிமியர்ஷிப்பில் ஆடும் றக்பிக் கழகத்தின் இளம் வீரர் அக்கடமி, யூலை மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முழுநேர ஒப்பந்தம் தருவதாகச் சொல்லி, மூன்று வாரத்திற்குள் பதில் கேட்கிறது. அவர் 7ஆம் இலக்க பிளாங்கராக, முன்னணி வீரர்களில் ஒருவராக, ஆடுகிறவர். கண்டியில் படித்து, பாடசாலை றக்பியின் பிரட்பி கேடயப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த என் கணவர், பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்கிறார். உறவினர்கள் எல்லோரும் டொக்டராக வேண்டிய பிள்ளையைக் கெடுக்கிறோம் என்கிறார்கள். இன்னொன்று: ஒக்டோபரில் ஒரு போட்டியில் தலையில் அடிபட்டதைத் தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கிழமை தலையிடியோடு இருந்து, அடுத்த சனிக்கிழமையும் ஆடியிருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும்; கணவருக்கு இன்னும் தெரியாது. றக்பி ஒரு தொழிலா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு தாய், ஹரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொழில்முறை றக்பிக் கழகங்களிலும் அவற்றின் அக்கடமிகளிலும் இயன்மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், நீங்கள் கடைசியாக எழுதிய விடயத்திற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஒப்பந்தத்திற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தலையடிக்கு அவ்வளவு நாள் கொடுக்க முடியாது.

மூளையதிர்ச்சி என்பது மண்டை உடைவதோ இரத்தம் கசிவதோ அல்ல. ஸ்கான் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலை வேகமாக அசைந்து நிற்கும்போது உள்ளே மூளையும் குலுங்குவதால், அதன் வேலை சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ குழம்பிப்போகிறது. தலையிடி, வெளிச்சம் பொறுக்காமை, நித்திரைக் குழப்பம், காரணமில்லாத எரிச்சல், வாசித்த வரியையே மறுபடி வாசிக்க வேண்டியிருத்தல் ஆகியவையே அதன் அடையாளங்கள். பாடசாலை மட்டத்திலும் உள்ளூர்க் கழக மட்டத்திலும் இங்கிலாந்தில் இன்று உள்ள வழிகாட்டல் தெளிவானது: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அதன்பின் படிப்படியான நடமாட்டம், ஓய்வில் இருக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாட்கள் கழியும்வரை உடல் மோதும் பயிற்சி இல்லை, எவ்வளவு விரைவாகக் குணமானாலும் 21 நாட்களுக்கு முன் போட்டி இல்லை. உங்கள் மகன் தலையிடி நின்றதும் நிற்காததுமாக ஏழாம் நாளே களத்தில் இறங்கியிருக்கிறார்.

முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை திடீரென வீங்கி உயிரையே பறிக்கக்கூடும். இது மிக அரிது என்றாலும், வளரும் வயதினரையே அதிகம் தாக்குவது. 2011இல் வட அயர்லாந்தில் ஒரு பாடசாலைப் போட்டியில் 14 வயது மாணவர் ஒருவர் தலையடிகளுக்குப் பிறகும் தொடர்ந்து ஆடி, இவ்வாறே உயிரிழந்தார். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மாதங்கள் கடந்துவிட்டன, இப்போது அவருக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால் அந்த ஆபத்து விலகிவிட்டது. ஆனால் நடந்தது எந்த மருத்துவப் பதிவிலும் இல்லை. அடுத்த முறை அடிபடும்போது அது அவருடைய முதல் மூளையதிர்ச்சி என்று நினைத்துத்தான் வைத்தியர் முடிவெடுப்பார். ஆகவே இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் கூட்டிச்சென்று நடந்ததை நாளோடு பதிவு செய்யுங்கள். பின்னர் மகனே அக்கடமியின் வைத்தியரிடம் சொல்லட்டும். சொன்னால் ஒப்பந்தம் கைநழுவும் என்று அவர் பயப்படுவார். முழுதாகக் குணமடைந்த ஒரு மூளையதிர்ச்சிக்காக அக்கடமி ஒருவரைக் கைவிட்டதை நான் கண்டதில்லை. மறைத்தது பிறகு தெரியவந்தபோது பயிற்றுநர்களின் நம்பிக்கை போனதைக் கண்டிருக்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்பதை நான் ஒரு திங்கட்கிழமைக் காலையில் விளங்கிக்கொண்டேன். போட்டிக்கு மறுநாள் கழித்து எங்கள் சிகிச்சை அறைக்கு முன்னால் பையன்கள் வரிசையாக நிற்பார்கள்; ஒருவருக்குத் தோள், ஒருவருக்குக் கணுக்கால், ஒருவர் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். அன்று 18 வயதுப் பையன் ஒருவர் தொடைப்பிடிப்பு என்று சொல்லி மேசையில் படுத்தார். தொடையில் கைவைத்துப் பார்த்தேன், பிடிப்பு ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் முகத்தின்மேல் துவாயைப் போட்டுக்கொண்டு, "அந்த லைட்டைக் கொஞ்சம் நிற்பாட்டலாமா?" என்று கேட்டார். சனிக்கிழமை மாலையிலிருந்து அவருக்குத் தலையிடி. காலையில் பல் தீட்டும்போது வாந்தி. அடுத்த கிழமை அவருக்கு முதுநிலை அணியின் மாற்று வீரராக இருக்கும் வாய்ப்பு இருந்தது. அதை இழக்க அவர் விரும்பவில்லை. வலியைத் தாங்குவது வேறு, தலையடியை மறைப்பது வேறு என்பதை அவருக்கு அதுவரை யாரும் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை. உங்கள் மகனுக்கும் சொல்லப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் ஆடும் இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 7ஆம் இலக்கக்காரரின் வேலை இரண்டு: எதிரணியில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளை ஓயாமல் செய்வது, விழுந்தவரிடமிருந்து பந்தைப் பறிப்பது. தலைக்காயங்களில் நான்கில் மூன்று பங்கு டாக்கிளில்தான் நிகழ்கின்றன; அவற்றிலும் பந்தோடு ஓடுபவரைவிட அவரைத் தடுப்பவருக்கே கூடுதலாக அடிபடுகிறது, முக்கியமாக அவர் குனியாமல் நிமிர்ந்து நின்று மோதும்போது. பந்தைப் பறிக்கும்போதோ, காலை அகட்டி, இடுப்பை வளைத்து, இரு கையையும் பந்தில் பூட்டிக்கொண்டு நிற்பவரின் கழுத்தும் தோளும் முழங்காலும் திறந்தபடி இருக்க, நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒருவர் ஓடிவந்து இடித்து அவரை அப்புறப்படுத்துவார். அப்படி நிற்பவரைக் கட்டிப்பிடித்து உருட்டி வீழ்த்தும் முறை பல முழங்கால்களைக் கெடுத்ததனால் 2024இல் தடைசெய்யப்பட்டது. உங்கள் மகனின் இடத்தில் ஆடிய மிகச் சிறந்தவர்களில் ஒருவரான வேல்ஸ் வீரர் சாம் வோர்பேர்ட்டன், 2013இலும் 2017இலும், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கியவர். கழுத்து, முழங்கால் சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு உடல் ஒத்துழைக்காமல் 2018இல் 29 வயதில் ஓய்வு பெற்றார். அதேவேளை, இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசையில் தோள்கொடுத்த இங்கிலாந்து வீரர் டான் கோல் 38 வயதுவரை ஆடி 2025இல்தான் விலகினார். இடத்துக்கு இடம் தொழிலின் ஆயுள் வேறுபடுகிறது.

2003 உலகக்கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் (ஸ்க்ரமின் முன்வரிசை நடுவில் நிற்பவர்) ஸ்டீவ் தொம்சன், தமக்கு இளவயது மறதிநோய் கண்டறியப்பட்டிருப்பதாக 2020 டிசெம்பரில், 42ஆம் வயதில், பகிரங்கமாகச் சொன்னார். உலகக்கிண்ணத்தை வென்ற நாளே அவர் நினைவில் இல்லை. அவரும் வேறு பல முன்னாள் வீரர்களும் விளையாட்டை நடத்தும் அமைப்புகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அவர் ஆடிய காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய நிலை மேலானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொழில்முறைப் போட்டியில் இன்று சந்தேகம் எழுந்தவுடன் வீரரை வெளியே எடுத்து 12 நிமிடத்துக்குள் ஞாபகம், சமநிலை எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். 2024 தொடக்கத்திலிருந்து பல்காப்பில் பொருத்திய உணரிகள் தலையில் விழும் அதிர்வை அளந்து மைதான ஓரத்திலுள்ள வைத்தியருக்கு அறிவிக்கின்றன. பாடசாலை மைதானத்தில் இவை எதுவும் இல்லை. அந்த வகையில், ஒக்டோபரில் அவர் நின்ற இடத்தைவிட அக்கடமி அவருக்குப் பாதுகாப்பான இடமாகக்கூட அமையலாம். ஆனால் எந்தக் கருவியும் ஞாயிற்றுக்கிழமைத் தலையிடியை அளப்பதில்லை. அதை அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். றக்பி ஒரு தொழில்தான். ஆனால் வயதில் இளைய தொழில். 1995 ஓகஸ்டில்தான் இந்த விளையாட்டில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அனுமதிக்கப்பட்டது. உங்கள் கணவர் கண்டியில் பார்த்த றக்பி வேறு உலகம்: 1945இலிருந்து றோயல், திரினிற்றி கல்லூரிகள் மோதிவரும் அந்தக் கேடயப் போட்டியில் ஆடிய மாணவருக்குப் பெயர் கிடைத்தது, பாடசாலையின் அன்பு கிடைத்தது, அதைக்கொண்டு பொலிஸிலோ படையிலோ கம்பனியிலோ ஒரு வேலையும் கிடைத்தது, வாழ்க்கையைத் தாங்கியது அந்த வேலையே. இங்கே மகனுக்கு நீட்டப்பட்டிருக்கும் தாளில் விளையாட்டே வேலை, உடலே மூலதனம். கணவரின் பெருமிதம் நியாயமானது. ஆனால் அவர் நினைவில் உள்ள றக்பியை வைத்து இந்த ஒப்பந்தத்தை நிறுக்க முடியாது.

அக்கடமியின் முதல் ஒப்பந்தத்தில் வரும் சம்பளம் பெரியதல்ல. ஒரு பயிலுநருக்குக் கிடைப்பதைப் போன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிரிமியர்ஷிப் கழகம் ஒன்று தன் முதுநிலை அணிக்குச் செலவிடக்கூடிய அடிப்படைச் சம்பள வரம்பு 2024-25 பருவத்திலிருந்து ஆண்டுக்கு 64 இலட்சம் பவுண். அது நாற்பதுக்கு மேற்பட்டவர்களிடையே, சர்வதேச வீரர்களுக்குப் பெரும்பங்கும் மற்றவர்களுக்குச் சிறுபங்குமாகப் பிரிகிறது. உதைபந்தாட்ட வீரர்களின் சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு யாரேனும் உங்களிடம் பேசினால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் பிரிமியர்ஷிப் போட்டிகளில் அதிகம் ஆடவும் மாட்டார். காலையில் எடைப்பயிற்சி, பிறகு காணொளி, மதியத்தில் களப்பயிற்சி, வார இறுதியில் பெரும்பாலும் கீழ்நிலைத் தொடரிலுள்ள ஒரு கழகத்துக்கு இரவலாகச் சென்று, குளிரில், சில நூறு பேர் முன்னிலையில் முப்பது வயது ஆண்களோடு மோதுவது என்றுதான் அவருடைய நாட்கள் போகும். அந்தப் போட்டிகளில்தான் பிளாங்கர்கள் உருவாகிறார்கள். அந்த வாழ்க்கையை அவர் விரும்புகிறாரா, அல்லது தொலைக்காட்சியில் தெரியும் வாழ்க்கையை மட்டும் விரும்புகிறாரா என்பதை அவரிடம் கேளுங்கள்.

இரண்டு ஆண்டின் முடிவில் அவரோடு சேர்ந்தவர்களில் பலருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. ஆட்டம் போதாமலும் இருக்கலாம். அதே இடத்தில் ஆடும் இன்னொருவர் சற்றுப் பெரியவராக வளர்ந்துவிட்டதாலும் இருக்கலாம். பயிற்றுநர் மாறி, புதியவர் வேறுவிதமான பிளாங்கரைத் தேடுவதாலும் இருக்கலாம். கழகமே இல்லாமற் போவதும் நடக்கிறது. 2022இல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023 கோடையில் லண்டன் ஐரிஷும் கடனில் மூழ்கி பிரிமியர்ஷிப்பிலிருந்து விழுந்தன. இரண்டாம் நிலைத் தொடரை வென்ற ஜேர்சி ரெட்ஸ், அடுத்த பருவம் தொடங்கிய சில வாரங்களில் மூடப்பட்டது. பருவத்தின் நடுவில் வீட்டு வாடகையும் கைக்குழந்தையுமாக இருந்த வீரர்கள் பலர் ஒரே கிழமையில் வேலையற்றவர்களானார்கள். 13 ஆக இருந்த பிரிமியர்ஷிப் கழகங்கள் 10 ஆகக் குறைந்தபோது, மிஞ்சிய இடங்களுக்குப் போட்டி கூடியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கையொப்பமிட வேண்டாம் என்று நான் எழுதவில்லை. இந்த வயதில் முழுநேர ஒப்பந்தம் கிடைப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக வர அவர் எத்தனை மழை மாலைகளைக் கொடுத்தார் என்பதை, கூட்டிச்சென்று காரில் காத்திருந்த நீங்களே அறிவீர்கள். அதை உறவினர்களின் வாய்க்குப் பயந்து மறுத்தால் அவர் உங்களை மன்னித்தாலும் அந்தக் கேள்வி அவரை விடாது. என் கருத்து இதுதான்: உடல்நிலை பதிவாகி, மருத்துவர் தடையில்லை என்று சொன்னால், படிப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஆடட்டும்.

அந்தக் கதவு தானாகத் திறந்திருக்காது, நீங்கள்தான் பிடித்திருக்க வேண்டும். முதலாவதாக ஏ லெவல் பெறுபேறு. யூலையில் ஒப்பந்தம் தொடங்குகிறது என்பதற்காக மே, ஜூன் பரீட்சைகளில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டாவதாக, இடம் தந்த பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதி, ஓராண்டு பிற்போட முடியுமா என்று கேளுங்கள். மருத்துவ பீடங்கள் எல்லாம் அதற்கு இணங்குவதில்லை. இணங்கினாலும் ஓராண்டுக்கு மேல் கிடைப்பது கடினம். பழைய பெறுபேறுகளை ஏற்பதற்குச் சில பீடங்கள் கால எல்லையும் வைத்திருக்கின்றன என்பதால், அவர் பிற்காலத்தில் விண்ணப்பிக்க நினைக்கும் இடங்களின் விதிகளை இப்போதே பாருங்கள். வேல்ஸ் அணியின் சென்டர் ஜேமி றொபேர்ட்ஸ் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2013இல் பட்டம் பெற்றார். உலகத்தரத்தில் ஆடிக்கொண்டே படித்தவர், ஆனால் வழக்கமான கால அளவில் அல்ல, நீட்டித்து. அவரைக் காட்டி இரண்டையும் எளிதாகச் செய்துவிடலாம் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவத்தையும் அக்கடமியையும் ஒரே நேரத்தில் கொண்டுசெல்வது, நான் பார்த்த அளவில், மிகச் சிலராலேயே முடியும். மற்றப் பாடங்களில் வழி அகலமானது: இங்கிலாந்தின் இன்றைய தலைவர் மாரோ இட்டோஜே, சரசென்ஸ் கழகத்துக்கு ஆடிக்கொண்டே லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார். திறந்த பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக உயிரியல் சார்ந்த ஒரு பட்டத்தைத் தொடங்குவது உங்கள் மகனுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மருத்துவத்துக்குப் பட்டதாரிகளாக நுழையும் வழியும் இந்த நாட்டில் இருக்கிறது.

முதலில் படித்துவிட்டுப் பிறகு ஆடும் வழியும் மூடியதல்ல. பல்கலைக்கழக அணிகளுக்கான உயர்மட்டத் தொடரில் ஆடி, பட்டத்தோடு தொழில்முறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்; ஹார்லிக்வின்ஸ் கழகத்தின் அலெக்ஸ் டொம்பிராண்ட், கார்டிஃப் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் அங்கே போய்ச் சேர்ந்து, 2021இல் பிரிமியர்ஷிப்பை வென்று இங்கிலாந்துக்கும் ஆடினார். அக்கடமியிடம், இரண்டு ஆண்டு கழித்து வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டுப்பாருங்கள். வாக்குறுதி தரமாட்டார்கள், ஆனால் அவரை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது அந்தப் பதிலில் தெரியும்.

ஒப்பந்தத் தாளை ஒரு சட்டத்தரணியிடம் அல்லது இங்கிலாந்து றக்பி ஒன்றியத்தில் பதிவுபெற்ற முகவரிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். 1998இலிருந்து இயங்கும் வீரர் சங்கமான ஆர்.பி.ஏ. ஒப்பந்தங்களைப் பற்றி ஆலோசனை சொல்கிறது. படிப்பு, அடுத்த தொழில் ஆகியவற்றில் துணைசெய்யும் அலுவலர்களும் கழகங்களில் அதன் சார்பில் இருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது காயம் பற்றிய பிரிவு: முழங்கால் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம், சிலவேளை ஒரு வருடம் போகும், அந்தக் காலத்தில் முழுச் சம்பளம் எத்தனை மாதத்துக்கு, எந்த நிலையில் கழகம் ஒப்பந்தத்தை முறிக்கலாம், ஆட்டம் அத்தோடு முடிந்தால் காப்புறுதி எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்த பின்னும் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது. ஜொனி வில்கின்சன் 2003 உலகக்கிண்ண இறுதியில் வெற்றி உதையை உதைத்த பிறகு, காயத்துக்குமேல் காயம் வந்து, மீண்டும் இங்கிலாந்துச் சட்டை அணிய மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவருக்காகக் கழகம் காத்திருந்தது. 18 வயதுப் பையனுக்காகக் காத்திருக்குமா என்பது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிழமையில் ஒரு நாள் படிப்புக்கு விடப்படுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எடை கூட்டச் சொல்வார்கள். அதற்காக நண்பர் கொடுத்த தூளையோ இணையத்தில் வாங்கியதையோ அவர் தொடக் கூடாது. கலப்படத்தால் ஊக்கமருந்து உடலில் போயிருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. கழகத்தின் உணவு ஆலோசகரைக் கேட்டபின், தொகுதி தொகுதியாகப் பரிசோதிக்கப்பட்டதை மட்டும் வாங்கட்டும். உங்கள் பருப்பும் மீன்குழம்பும் முட்டையும் அவருடைய எடைக்குப் பெரிதும் உதவும் என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கணவரிடம் ஒக்டோபர் விடயத்தைச் சொல்வதா என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. சொல்லுங்கள், ஆனால் மகனையும் அருகில் வைத்துக்கொண்டு, அவரே சொல்லும்படி செய்யுங்கள். தலையடியை அவர் மறைத்தது உங்களுக்குப் பயந்தல்ல என்று நான் நினைக்கிறேன். கேடயப் போட்டிக் கதைகளில் இரத்தம் வழிய ஆடி வென்றவர்களைப் பற்றியே கேட்டு வளர்ந்த பிள்ளை, அப்பாவின் முகம் வாடுவதைத்தான் பார்க்கப் பயந்திருப்பார். ஆகவே, தலையில் அடிபட்டால் கையைத் தூக்கி வெளியே வரலாம், அதற்காகத் தான் வெட்கப்பட மாட்டேன் என்ற வார்த்தை அப்பாவின் வாயிலிருந்தே வர வேண்டும். வைத்தியரிடம் போகும்போது அவரையும் கூட்டிச்செல்லுங்கள். கழகத்திடம் இரண்டு கிழமை கூடுதல் அவகாசம் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள். மருத்துவப் பதிவுக்காக என்று காரணத்தையும் குறிப்பிடுங்கள். அதற்கு அவர்கள் எப்படிப் பதில் தருகிறார்கள் என்பதை எனக்கு எழுதினால், ஒப்பந்தத்தின் காயப் பிரிவை வாசித்துப் பார்த்து என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.